இத்தா வீட்டில் கேட்காத கேள்வி

என் தம்பி படகுக்குத் தீ வைத்தவன் என்று நீதிமன்றம் எழுதி வைத்திருந்த காலத்தில் நான் ஊரில் பாதிப் பேரோடு கதைப்பதை நிறுத்தியிருந்தேன். மற்றப் பாதிப் பேர் என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார்கள். அதில் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை, நான் வீட்டுக்குள்ளும் அவ்வளவு இனிமையாகக் கதைக்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். பிழை கண்டால் வாய் சும்மா இருக்காது. ஆனால் இந்த ஒரு பிழையை எங்கே போய்ச் சுட்டிக்காட்டுவது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது அது திருத்தப்பட்டுவிட்டது. அந்த நிம்மதியில்தான் இதை எழுதுகிறேன். கோபம் இருந்தபோது எழுதியிருந்தால் ஒருவரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

தம்பி ஐஸ் லொறி ஓட்டுகிறவன். கிண்ணியாக் கரையில் மீன் இறக்குகிற இடங்களுக்கு அவன்தான் ஐஸ் கொண்டுபோவான். ஒரு நாள் லொறி வழியில் நின்றுவிட்டது. ஐஸ் பாதி தண்ணீராகித்தான் வந்து சேர்ந்தது, ஒரு படகு முதலாளியின் மீன் அவ்வளவும் பழுதாகிப் போனது. கரையில் எல்லோரும் பார்க்க இரண்டு பேரும் வாய்ச்சண்டை பிடித்தார்கள். தம்பிக்கும் என் வாய்தான். "இந்த போட்டு இனி எப்பிடி ஓடுதெண்டு பாப்பம்" என்று அவன் படகைக் காட்டிக் கத்தியதை அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அந்தக் கிழமையே ஒரு பின்னேரம், அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம், அந்த முதலாளியின் படகு கரையில் எரிந்தது.

தம்பி அப்போது ஐஸ் பெக்டரிக்கு முன்னால் லொறிக்குள் நித்திரை. நித்திரைக்குச் சாட்சி ஏது? குறட்டை கேட்டேன் என்று சொல்லக்கூட ஒருவரும் இல்லை. ஆனால் அவனுக்கு எதிராகச் சொல்ல ஒருவர் இருந்தார். கடற்கரை வீதியில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். மூத்த அண்ணனை நாங்கள் காக்கா என்போம், அவரை ஊரே காக்கா என்றுதான் கூப்பிடும். தன் கடையில் ஒருவரைப் பற்றியும் புறங்கதை பேச விடமாட்டார். பேசினால், "தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க" என்பார். அப்படிப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தின் சாட்சிக் கூட்டில் ஏறி, பாங்கு சொல்வதற்கு முன்னரே தான் கரையில் நின்றதாகவும், தம்பி பெற்றோல் கேனோடு படகடியில் குனிந்ததைக் கண்டதாகவும், தீ எழும்பியதும் அவன் ஓடியதாகவும் சொன்னார். எங்கள் பக்கம் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் அசையவில்லை. அவருக்குத் தம்பியோடு பகை இல்லை, முதலாளியோடு உறவு இல்லை. நீதவான் அவரை முழுக்க முழுக்க நம்பினார். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன். தம்பிக்கு இரண்டு வருடச் சிறை, எங்கள் பேச்சில் மறியல்.

மேன்முறையீடு போட்டுப் பிணை கிடைக்கும்வரை அவன் உள்ளே இருந்தான். வெளியே வந்ததும் வீட்டு யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்தான். மழைக்குக்கூட மூட விடவில்லை. தரை முழுக்கத் தண்ணீர். நான் துடைத்தேன், ஏசவில்லை. நான் ஏசாததைப் பார்த்துத்தான் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். மேன்முறையீட்டில் தோற்றால் திரும்பவும் உள்ளே போக வேண்டும். "ராத்தா, நான் இன்னொருக்காப் போக ஏலாது," என்று ஒரு நாள் சொன்னான். ராத்தா என்றால் அக்கா. அவ்வளவுதான் சொன்னான். 

எங்கள் சட்டத்தரணி திருகோணமலை நகரத்துத் தமிழ்ப் பெண், என்னைவிட வயது குறைந்தவர். கதிரையின் நுனியில் இருந்துதான் கதைப்பார், எந்த நேரமும் எழும்பி ஓடத் தயாராக இருப்பவரைப் போல. மேன்முறையீட்டைப் பற்றி அவர் எங்களுக்கு ஆசை காட்டவில்லை.

"மேல் நீதிமன்றத்தில நீதிபதி சாட்சியின்ர முகத்தைப் பாக்கிறேல்ல டீச்சர். எழுதினதைத்தான் வாசிப்பார். முகத்தைப் பாத்த நீதவான் இவர் நம்பக்கூடியவர் எண்டு எழுதிப்போட்டார். அதை அசைக்கிறது லேசில்ல."

"அவர் சொன்னது பொய்."

"பொய் எண்டு நாங்கள் சொன்னாக் காணாது. பொய் எண்டு காட்டுற புதுச் சாட்சி வேணும். அதுவும் வழக்கு விளக்க நேரம் எடுக்க ஏலாமல் போன சாட்சியா இருக்கவேணும். கையில வைச்சிருந்திட்டு இப்ப நீட்டினால் எடுக்க மாட்டினம்."

அப்படி ஒன்று எங்கே இருக்கிறது? தம்பியைப் பிடித்த நாட்களிலேயே நானும் எங்கள் ஆட்களும் அந்த வீதி முழுக்கக் கேட்டுத் திரிந்தவர்கள். அந்தப் பின்னேரம் காக்காவை எங்கே கண்டீர்கள், கடையில் நின்றாரா, கரையில் நின்றாரா என்று. படகு எரியத் தொடங்கிய பிறகு அவரைக் கண்டவர்கள் நிறையப் பேர். முதலில் தண்ணீர் அள்ளி ஊற்றியவர்களில் அவரும் ஒருவர். அதற்கு முன் கண்டவர் ஒருவரும் இல்லை. கடையை இளைய மருமகன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், காக்கா எங்கேயோ போனவர், எங்கே என்று அவருக்குத் தெரியாது. ஒரு வீடு விடாமல் கேட்டோம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். சட்டத்தரணியிடமும் அப்படியே சொன்னோம்.

ஒரு வீட்டை விட்டிருந்தோம்.

காக்காவின் தங்கச்சி வீடு அதே வீதியில், கடைக்குப் பின்பக்கமாக இருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். படகு எரிவதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர்தான் அவருடைய கணவர் மௌத்தாகியிருந்தார். ராத்தா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் குறித்த காலம்வரை வீட்டோடு ஒதுங்கி இருப்பதுதான் இத்தா. அந்த நாட்களில் தகப்பன், கூடப்பிறந்தவன், மகன் என்று மணமுடிக்க ஏலாத உறவுள்ள ஆண்களைத் தவிர வேறு ஆண் அந்த வீட்டுக்குள் போகமாட்டான். பெண்கள் போவோம். போனால் மௌத்தானவரைப் பற்றிக் கதைப்போம், ஓதுவோம், சாப்பிட்டாயா என்று கேட்போம். பொலிஸ், கோடு, வழக்கு, சண்டை, இவற்றை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். நானும் அந்த நாட்களில் இரண்டொரு முறை போனேன். தம்பி பொலிஸில் இருக்கிறான், ஆனாலும் அந்த அறைக்குள் இருந்து அவருடைய கணவர் எவ்வளவு நல்லவர் என்று கதைத்துவிட்டு வந்தேன். எங்கள் ஆண்களோ அந்த வீட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அங்கே கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

இத்தா முடிந்ததும் ராத்தா கொழும்பில் இருக்கிற மகளிடம் போய்விட்டார். வழக்கு விளக்கம் நடந்தது, தீர்ப்பு வந்தது, மேன்முறையீடு போட்டது, எல்லாம் அவர் ஊரில் இல்லாத காலத்தில். நோன்பு மாதத்துக்கு முன்னர் அவர் வீட்டைத் திறந்து துப்பரவாக்கிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். காக்காவின் தங்கச்சி என்று ஒரு மனம் தடுத்தது. அவ என்ன செய்தா பாவம் என்று மற்ற மனம் இழுத்தது.

குசினியில் அடுப்படியில் இருந்து பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் அந்த இத்தா நாட்களைப் பற்றிக் கதைத்தார்.

"காக்கா இல்லாட்டி அந்த நாள நான் எப்பிடிக் கழிச்சிருப்பன், சொல்லு பாப்பம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் பேக்கரியால சூடாப் பாண் எடுத்துக்கொண்டு பின் கேற்றால வருவார். முன்னுக்குப் பொம்பிளையள் இருப்பாங்க எண்டு முன்னுக்கு வாறல்ல. போட்டு எரிஞ்ச அண்டைக்கும் வந்து, இஞ்ச தொழுதுகொண்டு நிக்கக்குள்ளதானே சத்தம் கேட்டது. ஸலாம் குடுத்துத் தொழுகைய முடிச்ச கையோட ஓடினார், தொப்பியும் தலையில."

கோப்பையை நான் கீழே வைத்தேன்.

"எண்டைக்கு ராத்தா?"

"போட்டு எரிஞ்ச அண்டைக்கு."

"சத்தம் கேக்க முதல்?"

"இஞ்சதான். பாங்கு சொல்ல முந்தியே வந்திட்டார். தொழ முதல் கைகால் கழுவி ஒளுச் செய்ய நான்தானே தண்ணி எடுத்துக் குடுத்தன். என்ன புள்ள, முகம் ஒரு மாதிரிப் போகுது?"

சொன்னேன். காக்கா கோட்டில் என்ன சொன்னார், அதனால் தம்பிக்கு என்ன ஆனது, எல்லாவற்றையும் சொன்னேன். தம்பிக்குத் தண்டனை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சாட்சி சொன்னது யார் என்பது தெரியாது. ஒரு தங்கச்சியிடம் போய் உங்கள் அண்ணன் கோட்டில் இப்படிச் சொன்னார் என்று யார்தான் சொல்வார்கள்? காக்காவும் வாய் திறக்கவில்லை.

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே," என்றார்.

"நீங்களும் எங்களுக்கு ஒண்டும் சொல்லல்லயே," என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்க ஒருத்தரும் கேக்கல்லயே."

கேட்கவில்லைதான். மார்க்கம் எங்களைத் தடுக்கவில்லை. இத்தா இருக்கிற பெண் உண்மையைச் சொல்லக் கூடாது என்று எந்தக் கிதாபிலும் இல்லை. மரியாதை, மரியாதை என்று நாங்களே வாயை மூடிக்கொண்டோம். எங்கள் ஊரில்தான் இப்படி நடக்கும். எல்லாவற்றையும் தோண்டித் துருவிக் கேட்கிற சனம், கேட்க வேண்டிய ஒரே இடத்தில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வந்தது.

"ராத்தா, இதைக் கோட்டில வந்து சொல்லுவீங்களா?"

அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்த்ததும் அதுதான், ஆனாலும் எனக்கு எரிந்தது.

"காக்காவ மறியலுக்கு அனுப்பச் சொல்றியா?"

"என்ட தம்பி போகலாம், அவர் போகக் கூடாதா?"

"கத்தாத புள்ள. எனக்குக் காது கேக்கும்."

கத்தாமல் வெளிக்கிட்டு வந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் கத்தினேன். அந்த மனுஷன் மேல் எனக்கு வந்த கோபத்தில் ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருந்தது. அவர் சொன்னது பொய் என்று காட்டப்போவது அவர் செய்த நல்ல காரியம். விதவைத் தங்கச்சிக்கு நாள் தவறாமல் பாண் கொண்டுபோயிருக்கிறார், அதுவும் பெண்களுக்குச் சங்கடம் வரக் கூடாதென்று பின்பக்கத்தால். இப்படிப்பட்ட ஒருவரை ஒழுங்காக வெறுக்கவும் முடியவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, "அந்த அம்மா கட்டாயம் வரவேணும் டீச்சர். ஆனால் நீங்கள் போய் வற்புறுத்த வேண்டாம். வற்புறுத்திக் கூட்டிவந்த சாட்சி எண்டு ஒரு சொல்லு வந்தால் எல்லாம் போச்சு," என்றார். என்னைப் போன்ற ஒருத்தியிடம் வற்புறுத்தாதே என்று சொல்வது எவ்வளவு கஷ்டமான தண்டனை என்று அவருக்குத் தெரியாது. வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். தம்பியிடமும் சொல்லவில்லை. கிடைக்காத ஒன்றுக்காக அவனை ஏன் எழுப்பி இருத்துவது?

சில நாட்களுக்குப் பிறகு ராத்தாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"காக்காட கடைக்குப் போனன். ஆக்கள் இல்லாத நேரம் பாத்துக் கேட்டன், அண்டைக்கு நீங்க என்ட வீட்டதானே நிண்டீங்க எண்டு. ஒண்டும் சொல்லல்ல. எனக்குத் தேத்தண்ணி போட்டார். சீனி போட மறந்திட்டார். முப்பது நாப்பது வருஷமாக் கடை வைச்சிருக்கிறவர், புள்ள."

"அப்ப?"

"அப்ப என்ன. வாறன்."

எனக்கு அழுகை வந்தது. அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, காக்காவின் பெயரைக் கெடுத்து ஊரில் ஒரு சொல் கதைக்கக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த கஷ்டமான வாக்கு அதுதான், ஆனால் காப்பாற்றினேன்.

சத்தியக் கடதாசி எழுதி மேல் நீதிமன்றத்துக்குக் கொடுத்தார்கள். அரச சட்டத்தரணி எதிர்த்தார். நீதிபதி, இந்தச் சாட்சியை எடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்க முன்னர் எங்களை நேரில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குக் குறித்த தவணை நாளில் நாங்கள் விடியவே பாலம் கடந்து திருகோணமலைக்குப் போனோம். நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் அந்த நகரத்துக்குள் திரிகிற மான்களில் ஒன்று யாரோ எறிந்த சோற்றுப் பார்சல் கடதாசியை மென்றுகொண்டு நின்றது. தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். காக்காவுக்கும் அழைப்பாணை போயிருந்தது. மதிலோரமாகத் தனியே நின்றார். ராத்தா அவரிடம் போய், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அவர் தலையை ஆட்டினார். ஓம் என்றா இல்லை என்றா எனக்கு விளங்கவில்லை.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஏன் அப்போதே கேட்கவில்லை என்பதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். அரச சட்டத்தரணி நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித் தெரியவில்லை.

"ஒரே வீதி. நீங்கள் அந்த வீட்டுக்குப் போயும் இருக்கிறீர்கள். உங்கள் தம்பி பொலிஸில். ஆனால் கேட்கவில்லை. இதை நீதிமன்றம் நம்ப வேண்டுமா?"

"ஓம் ஐயா. இத்தா வீட்டில அதெல்லாம் கேக்கிறல்ல."

"கேட்கக் கூடாது என்று சட்டமா?"

"சட்டமில்ல ஐயா. மரியாதை."

"உங்கள் தம்பியின் விடுதலையைவிட அது பெரிதா?"

இந்தக் கேள்வியை நானே என்னிடம் எத்தனையோ தரம் கேட்டிருந்தேன். "பெரிசு எண்டு நினைக்கல்ல ஐயா. அங்க கேக்க ஒண்டு இருக்கெண்டே நினைக்கல்ல. அந்த அறைக்குள்ள இருக்கிற ஆளுக்கு வெளியில நடந்தது தெரியும் எண்டு எங்கட ஊரில ஒருத்தருக்கும் தோணாது," என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டார். அவர் எழுதும்போது பேனையின் சத்தம்கூட எனக்குக் கேட்டது. அரச சட்டத்தரணி இருந்துவிட்டார். நான் இறங்கிவந்து பின்வாங்கில் இருந்தேன்.

பிறகு ராத்தா ஏறினார். சின்ன உருவம், கூட்டுக்குள் முகம் மட்டும்தான் தெரிந்தது. பாண், பின் கேற், ஒளுத் தண்ணீர், தொழுகை, சத்தம், தொப்பியோடு ஓடியது, எல்லாவற்றையும் குசினியில் என்னிடம் சொன்ன அதே மாதிரிச் சொன்னார்.

"அறைக்குள் இருந்தீர்கள். ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி. ஒவ்வொரு நாளும் பாண். அந்த நாள்தான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் அரச சட்டத்தரணி.

"போட்டு ஒரு நாள்தானே ஐயா எரிஞ்சது."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

"இந்தக் குடும்பத்துக்கு உதவ வந்திருக்கிறீர்கள், இல்லையா?"

"இவங்க எனக்குச் சொந்தமில்ல ஐயா. எனக்குச் சொந்தம் காக்காதான்."

"அப்படியென்றால் சொந்த அண்ணனுக்கு எதிராகச் சொல்ல வந்திருக்கிறீர்கள்."

"எதிராச் சொல்லல்ல." முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டார். "அவர் எனக்குப் பாண் கொண்டந்தவர் எண்டுதான் சொல்றன்."

 எங்கள் சட்டத்தரணி கதிரையின் நுனியில் இருந்து கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

வெளியே நின்ற காக்காவைக் கூப்பிட்டார்கள். தங்கச்சி என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. தனக்குக் குற்றம் வரக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நீதிபதி முதலில் அவருக்கு விளக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அன்றைக்கு மஃரிப் நேரம் நீங்கள் தன் வீட்டில் தொழுதுகொண்டிருந்ததாக உங்கள் தங்கச்சி சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

காக்கா முன்வாங்கில் இருந்த தங்கச்சியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.  இந்த மனுஷன் இப்போது ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அவவுக்கு நாள் மாறிப்போச்சு என்றால் போதும். துக்கத்தில் இருந்த பொம்பிளை, அவவுக்கு என்ன தெரியும் என்றால் போதும். தம்பி உள்ளே போவான்.

"அப்பிடிச் சொன்னாவா?" என்று கேட்டார்.

"சொன்னார்."

"அப்ப சரி ஐயா."

"என்ன சரி?"

"அவ பொய் சொல்றல்ல."

நீதிபதி, அப்படியானால் கீழ் நீதிமன்றத்தில் சொன்னது என்ன என்று கேட்டார். பதில் சொல்லாமல் விடலாம் என்று திரும்பவும் ஞாபகப்படுத்தினார். காக்கா சொன்னார். சத்தம் கேட்டு ஓடிப்போனபோது யாரோ ஓடுவது தெரிந்தது. ஓடிப்போய்த் தண்ணி எடுத்தவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். பொலிஸ் வர முன்னமே எல்லார் வாயிலும் ஒரு பெயர்தான் இருந்தது. முதலில் வந்த ஆள் நீர்தானே, கண்டிருப்பீரே என்று எல்லோரும் கேட்டார்கள். "ஓம் எண்டு சொல்லிப்போட்டன் ஐயா. பிறகு ஒவ்வொரு தரமும் அதைத்தான் சொல்லவேண்டி வந்தது. சொல்லச் சொல்ல எனக்கே கண்ட மாதிரி இருந்தது." கூட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். நீண்ட நாள் பல்வலி இருந்தவர் பல்லைக் கழற்றிய பிறகு இருப்பது போல இருந்தது.

தீர்ப்புக்கு வேறு தவணை போட்டார்கள். அந்தத் தவணை வரும்வரை நாங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தீர்ப்பு நாளில் நீதிபதி வாசித்ததில் பாதி எனக்கு விளங்கவில்லை. சாட்சியின் நம்பகத்தன்மை, நியாயமான முயற்சி, அந்த வீட்டில் கேள்வி கேட்காமல் விட்டதை அலட்சியம் என்று கொள்ள முடியாது, இப்படிச் சில சொற்கள் வந்து வந்து போயின. கடைசியில் குற்றத்தீர்ப்பு நீக்கப்படுகிறது, குற்றம்சாட்டப்பட்ட எதிரி விடுதலை என்றார். அது விளங்கியது. தம்பி எதிரிக் கூட்டில் அப்படியே நின்றான். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர்தான், "போகலாம் தம்பி," என்று அவன் தோளைத் தொட்டார். நான் சத்தம் போட்டு அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை. என் நெஞ்சுக்குள் இவ்வளவு காற்றுப் போக இடம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

படகுக்கு யார் தீ வைத்தது, அல்லது அதுவாகப் பற்றியதா என்று இன்றைக்கும் தெரியாது. காக்காவின் மேல் பொய்ச்சாட்சி வழக்கு வருமா என்று சட்டத்தரணியைக் கேட்டேன். வரலாம், வராமலும் விடலாம், அது எங்கள் கையில் இல்லை என்றார். அதை ராத்தாவும் கேட்டுக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பும்போது தெரிந்தவரின் வான் வண்டியைத் தம்பியே ஓட்டினான். ஓட்ட வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நானும் ராத்தாவும் பின் சீற்றில். வாசலைத் தாண்டியதும் பஸ் நிற்கிற இடத்தில் காக்கா வெயிலில் நின்றார். தீர்ப்புக்கு அவர் வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. எங்கள் ஒருவர் கண்ணிலும் படாமல் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

"நிப்பாட்டு மகன்," என்றார் ராத்தா.

தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.  நிறுத்தினான். ராத்தா கதவைத் திறந்து, "ஏறுங்க காக்கா, பஸ் இப்ப வராது," என்றார். அந்நிய ஆண், பின் சீற்றில் என் பக்கத்தில் அவர் இருக்க ஏலாது. முன்னால்தான் இடம். காக்கா தம்பிக்குப் பக்கத்தில் ஏறி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

 நகரம் முடிந்தது, கடல் ஒரு பக்கமாக வந்தது, போனது, திரும்பவும் வந்தது. அந்த மனுஷனுக்குச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் படுக்கையில் கிடந்து சொற்களைத் தேர்ந்து வைத்திருந்தேன், வரிசை தவறாமல் பாடமாக. அவருடைய நரைத்த பிடரி என் முகத்துக்கு நேரே, எட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

பாலத்தில் ஏறும்போதுதான் தம்பி வாய் திறந்தான்.

"காக்கா, பெல்ட்டப் போடுங்க. பாலத்தால இறங்கக்குள்ள பொலிஸ் நிக்கும்."

காக்கா திடுக்கிட்டுப் பெல்ட்டை இழுத்தார். அதைக் கொளுவுகிற இடம் அவருக்குப் பிடிபடவில்லை. திரும்பத் திரும்பத் தவறியது. தம்பி வானை ஓரமாக நிறுத்தி, குனிந்து, அவர் கையில் இருந்து அதை வாங்கிக் கொளுவிவிட்டான்.

"எங்களுக்கு இனி ஒரு கேஸ் வேணாம்," என்றான்.